மிளகாய்க் களத்தில் மழைப்பாட்டு

தொண்ணூற்றிரண்டு பங்குனியில் கல்வி அதிகாரி செல்வதுரை ஒரு நாட்டுப்பாட்டைக் காப்பாற்றினார். அதுவரை அந்தப் பாட்டுக்கு ஆபத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மழை பொய்த்த வருஷங்களில் பரளச்சி ஊர்ப் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி, உப்பில்லாமல் குடித்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து அழுதபடி பாடுவது அது. செல்வதுரை அதைக் குழந்தைகளுக்கான படப் புத்தகமாக்கினார். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அழுகையை நீக்கினார். கஞ்சிச் சட்டி தங்கக் குடமானது. அந்தப் பக்கத்தில் யாரும் பிடித்தறியாத பூப்போட்ட குடைகளோடு ஆறு பிள்ளைகள் சிரித்தார்கள். முன்னட்டையில் மயில், பின்னட்டையில் செல்வதுரை. மயில் கொஞ்சம் சின்னது.

வெளியீட்டு விழா களத்தை ஒட்டி நடந்தது. பாட்டைச் சொல்லிக்கொடுத்த ஜக்கம்மாளை மேடையேற்றி மைக்கை நீட்டினார்கள்.

அவள் களத்தைப் பார்த்தாள். அவளுடைய ஒரு வருஷப் பாடு மிளகாய்ப் பழமாக அங்கே விரிந்து கிடந்தது. இன்னும் இரண்டு வெயில் காய வேண்டும். நனைந்தால் வெளுத்துவிடும், வியாபாரி காலால் தள்ளிவிட்டுப் போவான். தெற்கே மேகம் கறுத்திருந்தது.

"நான் பாடல சார்."

"ஏம்மா, அன்னைக்கு டேப்புல பாடுனீங்களே?" என்றார் செல்வதுரை.

"அது ஐப்பசி. போட்ட விதை முளைக்காமக் கெடந்துச்சு. களத்துல பழத்தப் போட்டுட்டு மழையக் கூப்புடுவாகளா?"

"வாயத் தொறந்த, எங்க பழத்துக்கும் நீதான்டி பதில் சொல்லணும்!" கீழேயிருந்து சங்கரம்மாள் கத்தினாள்.

செல்வதுரை மைக்கை வாங்கிக்கொண்டார். "மூடநம்பிக்கை! பாட்டுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? நானே பாடிக் காட்டுகிறேன்."

"வேணாம் சார், கும்புடுறேன். ஆரம்பிச்சா பாதியில விடக் கூடாது. விட்டா ஊரே முங்கிப்போகும்னு சொல்லுவாக."

"அப்படியானால் முழுவதும் பாடுகிறேன்."

மொத்தம் எட்டுக் கண்ணி. முதல் கண்ணியில் முன்வரிசை காலியானது. இரண்டாவதில் காற்று திரும்பியது. பெண்கள் சாக்கும் சேலையுமாகக் களத்துக்கு ஓடினார்கள். ஜக்கம்மாள் மேடையிலிருந்து குதித்து, பழத்தை இரு கையாலும் கூட்டிக் குவித்தாள். மூடத்தான் ஒன்றுமில்லை. அவளுடைய தார்ப்பாயைத்தான், தூசி படும் என்று, ஆயிரம் புத்தகங்களின்மேல் போர்த்துவதற்குக் காலையில் இரவல் வாங்கியிருந்தார்கள்.

ஐந்தாவது கண்ணியில் செல்வதுரையின் கண்ணாடிமேல் முதல் துளி விழுந்தது. ஜக்கம்மாள் தார்ப்பாயை உருவினாள்.

"அம்மா! புத்தகம்!"

"நிறுத்தாதீக சார்! பாடுங்க!" என்று அலறினாள். "ஏத்தா சங்கரம்மா, அந்த முனையப் பிடி!"

பாட்டுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடிய வாய், பாட்டை நிறுத்தப் பயந்தது. மைக் செத்த பிறகும், தொப்பலாக நனைந்தபடி மீதி மூன்று கண்ணிகளையும் செல்வதுரை பாடி முடித்தார்.

அரை மணியில் மழை விட்டது. ஜக்கம்மாள் தார்ப்பாயைத் தூக்கி, குவியலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். ஈரமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகங்களில் மட்டமான மை கரைந்து ஓடியது. ஆறு பிள்ளைகளின் கன்னத்திலும் கறுப்பாகக் கோடு இறங்கியிருந்தது.

செல்வதுரை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களாம்மா? நான் பாடினேன், வந்துட்டுது!"

"ஆமா சார்," என்றாள் ஜக்கம்மாள், எழுந்திருக்காமலே. "ஐப்பசியில வாங்க."