காவல் நாளில் எழுதிய பெயர்

எருந்தினாவைத் தண்டிக்க முதலில் கை தூக்கியவள் டோசிந்தாதான். மற்ற கைகள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுந்தன.

கலீசியாக் கடற்கரையின் அந்தக் கழிமுகத்தில் படகு ஆண்களுக்கு, சேறு பெண்களுக்கு. கடல் வற்றியதும் களைக்கொத்தோடு இறங்கி மட்டிச் சிப்பி தோண்டுவார்கள். குஞ்சு மட்டி விதைத்த திட்டை, அது வளரும்வரை யாரும் தோண்டாதபடி மூடிவைத்து, முறைபோட்டுக் காவல் காப்பதும் அவர்களே. மூடிய திட்டில் கை வைத்தால் பத்து நாள் தடை. வருஷத்துக்கு இத்தனை நாள் என்று சேற்றில் இறங்கியிருக்க வேண்டும்; குறைந்தால் உரிமம் போய்விடும். எருந்தினா புருஷனின் நோயிலும் சாவிலும் ஏகப்பட்ட நாளை விட்டிருந்தாள். இந்தப் பத்து நாளும் போனால் அவள் பிழைப்பே போச்சு. அது குழுத் தலைவி டோசிந்தாவுக்குத் தெரியாதா என்ன? இருபது வருஷம் ஒரே தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளியவர்கள் ஆயிற்றே!

"தப்புதான்," என்றாள் எருந்தினா. "ஞாயித்துக்கெழம எம் புருஷனுக்கு நினைவுப் பூசை. வர்றவங்களுக்கு ஒரு சட்டி மட்டியாச்சும் வைக்கணும்னு தோணிச்சு."

"மொத தடவதானேக்கா, கண்டிச்சு விட்டுடலாமே?" என்றாள் ஒருத்தி.

டோசிந்தாவின் கண் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே துறைமுகச் சங்கத்தின் தலைவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். 'பொம்பளைங்க கூட்டத்துல சட்டமாவது ஒண்ணாவது' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷர்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றாள் அவள். 'எல்லாருக்கும்' என்ற சொல்லை மட்டும் அவசரமாகச் சொல்லிக் கடந்தாள்.

எருந்தினா பிடிபட்டதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமையும் காவல் டோசிந்தாவுடையதுதான். கடல் ஏறியிருந்த நேரம், தலைவரின் தம்பி இஷினியோ படகில் வந்து, அதே திட்டின் மேல் இரும்புக்கூடையை இழுத்து மட்டியை வாரிக்கொண்டு போனான். "என்னம்மா டோசிந்தா, சௌக்கியமா?" என்று கேட்டான், வெட்கங்கெட்டவன். "சௌக்கியம்தாங்க," என்று கரையில் நின்ற இவளும் கை ஆட்டினாள். விதைக்குஞ்சு வாங்கித் தருவது சங்கம். அவனோடு மோதினால் அடுத்த வருஷம் விதை வராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காவல் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. வியாழக்கிழமை ஒரு கிலோ மட்டியோடு நின்ற எருந்தினாவின் பெயரை மட்டும் அழுத்தி எழுதினாள்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் அருகே வந்தார். "பரவால்லியே, ஆம்பள மாதிரி முடிவெடுத்துட்டே." அவளும், பாவி, "நன்றிங்க" என்றாள்.

சனிக்கிழமை மனசு கேட்காமல் எருந்தினாவின் வீட்டுக்குப் போனாள். எருந்தினா கதவைத் திறந்து, வழிவிடாமல் நின்றாள்.

"ஏண்டி, எதுக்கு அந்தத் திட்டுல எறங்கினே? காவல் நான்னு தெரியும்ல?"

"நீ காவல்ங்கறதாலதாண்டி எறங்கினேன்." எருந்தினா தலையால் ஜன்னலைக் காட்டினாள். கீழே கழிமுகம் முழுக்கத் தெரிந்தது. "செவ்வாக்கெழம படகையும் பாத்தேன், நீ கையாட்டுனதையும் பாத்தேன். அவனுக்கே கண்ண மூடிக்கிட்டவ எனக்கும் ஒரு கிலோவுக்கு மூடிக்க மாட்டியான்னு நெனச்சேன்."

டோசிந்தாவுக்குத் தலை நிமிரவில்லை. "கூட்டத்துல ஏன் சொல்லலடி?"

"சொல்லியிருந்தா அவனையா தண்டிச்சிருப்பாங்க? பாத்தும் எழுதலன்னு உன் உரிமத்தைத்தான் புடுங்கியிருப்பாங்க. ஒருத்தி வீட்ல அடுப்பு அணைஞ்சது போதாதா?"

சங்க அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இப்போது போய்ச் சொன்னாலும் சொல்லலாம். சொன்னால் எருந்தினாவுக்கு மறுவிசாரணை கிடைக்கக்கூடும்; தன் உரிமம் போகவும்கூடும். டோசிந்தா அந்தத் தெருமுனை வரை போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.