ரப்பர் சுருங்கும் வரை

1

இந்தக் கதை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் தோலிலிருந்து பிறந்தது. இதை எழுத வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் பதுளையில் ஆளுக்கொரு மாதிரிக் கதைக்கிறார்கள். எங்கள் குடும்பப் பெயர் அடிபடுகிறது. ஆகவே நானே எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “2003ஆம் ஆண்டு போயா நாளொன்றில், கனகசபை அவர்களின் ஏக புதல்வி விஜிதாவைப் பெண் பார்க்க, பண்டாரவளையிலிருந்து கௌரவமான குடும்பத்தார்” —

நிறுத்திவிட்டேன். கல்யாண அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது. (கனகசபை நான்தான்.)

2

மாப்பிள்ளை கீர்த்திகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். தாயார் சுலோஜனா வாடகை வான் வண்டியில் வந்தார். பேசி முடித்தோம். விஜிதா தலையசைத்தாள், நான் வாக்குக் கொடுத்தேன்.

புறப்படும்போது மோட்டார் சைக்கிள் இரைந்ததே தவிர இழுக்கவில்லை. பண்டாரவளையிலிருந்து வரும்போது இறக்கம், குறை தெரியவில்லை. திரும்பிப் போக ஏற்றம். போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் கராஜும் பூட்டு.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ,” என்று பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள் என் மகள்.

[இங்கே “நான் அதிர்ந்தேன்” என்று எழுதி வெட்டினேன். போதாது. அவள் வேலைக்காகத் தோட்டங்களுக்கு அலுவலக ஜீப்பில் போகிறாள் என்றே அன்றுவரை நம்பியிருந்தேன். அலுவலகம் கொடுத்தது மோட்டார் சைக்கிள் என்பதை அவளுடைய கைப்பழக்கத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.]

காபரேற்றரின் மூடியைக் கழற்றி உள்ளிருந்த ரப்பரைத் தூக்கினாள். விளிம்பு பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது. அந்த விளிம்பு அதற்கென்றுள்ள வட்டப் பள்ளத்தில், காடியில், இறுக உட்காராவிட்டால் காற்றுக் கசியும், வண்டி இழுக்காது.

“இதைப் பெற்றோலில கழுவினது ஆர்?”

“கராஜ்காரன். போன மாசம்,” என்றார் கீர்த்திகன். “நான் தொடவேயில்லை.”

“போன மாசமெண்டால் இதுக்குள்ள சுருங்கியிருக்கும். இது இண்டைக்குப் பெற்றோல் பட்டு ஊதினது. ரியூப் ஒட்டுற பசையும் பூசிக் கிடக்கு.”

“என்ர பிள்ளை பொய் சொல்லமாட்டான்,” என்றார் சுலோஜனா.

அவர் பிள்ளையின் பெருவிரல் நகத்தில் அதே பசை காய்ந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். பார்க்காத மாதிரியும் இருந்தோம்.

3

பசையைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காற்றுப்பட மதிலில் வைத்தாள். பழைய அளவுக்குச் சுருங்கினால்தான் பூட்டலாமாம். விடைபெற்றவர்கள் திரும்பவும் உள்ளே வந்து இருந்தார்கள்.

சமையலுக்கு உதவும் வேலாயி எட்டிப் பார்த்தாள். “என்னங்கம்மா, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறாங்களா?”

“வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைப் போடு,” என்றாள் என் மனைவி லீலாதேவி.

விஜிதா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

“அப்பா, ரப்பர் சுருங்கிறதுக்குள்ள ‘நான்தான் கழுவினேன்’ எண்டு அவர் சொன்னால் கட்டுறன். சொல்லாட்டில் வேண்டாம். நீங்கள் அவருக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கக் கூடாது.”

“நான் வாக்குக் குடுத்திட்டன், பிள்ளை. ஒரு ரப்பருக்காகவோ?”

“ஒரு ரப்பருக்கே பொய் சொல்லுறாரெண்டால், நாளைக்கு எதுக்கெல்லாம் சொல்லுவார்?”

என்னிடம் யாரும் இப்படி நிபந்தனை போட்டதில்லை. 

4

முதல் முடிவு: கீர்த்திகன் ஒத்துக்கொண்டார், மேளம் கொட்டியது. (இது என் விருப்பம். கதையல்ல.)

இரண்டாவது முடிவு: அவர் வாய் திறக்கவில்லை. கனகசபை வாக்குத் தவறினார் என்று ஊர் முழுக்க — கை ஓடவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். கீர்த்திகன் என் பக்கத்தில் வந்திருந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, அவ என்னட்டை ஏதும் எதிர்பாக்கிறாவோ?”

ஒரு சொல் போதும், என் வாக்குக் காப்பாற்றப்பட்டுவிடும். வேறு யாருக்கும் கேட்காது.

“தேத்தண்ணி ஆறுது, தம்பி,” என்றேன்.

வெளியே விஜிதா ரப்பரைக் காடியில் வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கம் இன்னும் கொஞ்சம் எழும்பி நின்றது. கீர்த்திகன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போனார். அவளிடமா, தாயாரின் வான் வண்டிக்கா —

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். கட்டி வையுங்கள், அல்லது பிரித்து அனுப்புங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.