கடைசிப் பெயர்

லிங்கி தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்கு நன்றியுரை எழுதுவது செயலாளர் புனிதனின் வேலை. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கம் முழுக்கத் தமிழில் எழுதினாலும், கடைசிப் பெயருக்கு முன்னால் ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’ என்று போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. படித்தவர் அல்லவா.

போன வருடம் அந்த இடத்தில் மாட்டியவர் லோரிக்கார மணியம். பதினெட்டு வருடமாக அம்மன் ரதத்தை இழுப்பது அவருடைய லோரிதான். தன் பெயர் கடைசியில் இருந்ததைப் பார்த்தவர் மலரை மடித்து லோரியில் போட்டுக்கொண்டார். இந்த வருடம் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, லோரி வராது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

“ஒங்க இங்கிலீசால வந்தது. நீங்களே போய்ப் பேசுங்க” என்று கமிட்டி கையை விரித்தது.

புனிதன் அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

“அண்ணே, நான் தப்பா எழுதல. கடைசில சொன்னாலும் கொறஞ்சவரு இல்லன்னு அர்த்தம். மரியாதைதான் லா.”

மணியம் அகராதியைத் தொடவே இல்லை. “மொதல் பேரு யாரோடது, கிராணி?”

முதல் பெயர் புனிதனுடையது. செயலாளர் என்ற முறையில் பதினோரு வருடமாகத் தனக்குத் தானே நன்றி சொல்லி வருகிறார்.

“அவ்ளோ மரியாதையான எடம்னா இந்த வருசம் நீங்க எடுத்துக்குங்க லா. என் பேர மேல போடுங்க. லோரி வரும்.”

புனிதன் அகராதியை மறுபடியும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அன்றே பக்கத்தை மாற்றி எழுதினார். மேலே மணியம். கீழே, லாஸ்ட் பட் நாட் லீஸ்ட், செயலாளர் புனிதன். இத்தனை வருடம் ஊரார் தலையில் கட்டிய வார்த்தை தன் பெயருக்கு முன்னால் வந்ததும் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது. அப்போதும், பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லலாமா என்று யோசித்தார்.

திருவிழாவன்று லோரி வந்தது, ரதம் கிளம்பியது. கைக்கு வந்த மலரைப் புனிதன் அவசரமாகப் புரட்டினார். மணியத்தின் பெயர் மேலே இருந்தது. தன் பெயரைக் காணோம். அச்சகத்துக்குப் போன் போட்டார்.

“பக்கத்துல எடம் பத்தல சார்” என்றாள் அங்கிருந்த பெண். “கடைசிப் பேருதானேன்னு எடுத்துட்டோம்.”

அது அப்படிப்பட்ட இடம் இல்லை என்று விளக்கப் புனிதன் வாயைத் திறந்தார். அகராதி வீட்டில் இருந்தது. பரவாயில்லம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.