பூட்டில்லாத எதிர்வீட்டு வைஃபை

தங்கைக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் கூடுதல். அலுவலகங்களிலும் கிளினிக்குகளிலும் வைஃபை அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். அதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்காது.

அக்கா எதிர்வீடு. இரண்டு கதவுக்கும் நடுவே ஆறு தப்படி. அக்கா மகளின் முதல் பிறந்தநாளன்று, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "அக்கா வீட்டு பாஸ்வேர்டை ரெண்டே தடவையில கண்டுபிடிக்கிறேன், பாக்கறீங்களா?" என்று பந்தயம் கட்டினாள் தங்கை. முதல் தடவை தப்பு. இரண்டாவது, குழந்தையின் செல்லப்பெயரும் பிறந்த தேதியும். திறந்துகொண்டது. "இதுக்குப் பேரு பூட்டா?" என்று வேறு கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. அன்று சாயங்காலமே மாமா உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார். புதியதைத் தங்கையிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சும் அதோடு நின்றது.

நான்கு மாதம்! குழந்தை இதற்குள் நடக்க ஆரம்பித்திருக்கும். படியில் எதிர்ப்பட்டால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இவள் போனை நோண்டுவாள். பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

இந்த வாரம் தெருவைத் தோண்டியவர்கள் தங்கை வீட்டுக் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வேறு கம்பெனி, தப்பித்தது. நாலு நாளாகத் தங்கை பால்கனியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்கு அலைந்தாள். திங்களன்று ஒரு கிளினிக்கில் வேலை இருந்தது. அதற்காக, சுற்றியிருக்கும் வைஃபைகளையெல்லாம் தேடிக் காட்டும் செயலியைச் சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். பதினேழு பெயர்கள் வந்தன. பதினாறுக்குப் பக்கத்தில் பூட்டுப் படம். ஒன்றுக்கு மட்டும் இல்லை. அது அக்கா வீட்டுடையது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி குழந்தையின் அறை நினைவுக்கு வந்தது. தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. அதை மாட்டிக்கொடுத்தவள் இவளேதான். "வைஃபைக்கே பூட்டு இருக்கு, கேமராவுக்குத் தனியா எதுக்கு?" என்று சோம்பேறித்தனமாக விட்டதும் இவளேதான். ஊரார் வீட்டில் எல்லாம் பாதுகாப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவள்! இப்போது தெருவில் போகிற எவனும் அந்த வைஃபையில் நுழைந்து, தூங்குகிற குழந்தையைப் பார்க்கலாம்.

ஏன், இவளும் பார்க்கலாம். ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான்கு மாதமாக ஏங்கிய முகம் திரைக்கு வந்துவிடும், யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. விரல் அங்கே போய் நின்றது உண்மை. சொந்த அக்கா பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதா, சீ! லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள்.

இடுப்பில் குழந்தையோடு அக்கா கதவைத் திறந்தாள். "என்ன?"

"அக்கா, உன் வைஃபை திறந்து கிடக்கு. யாரோ பாஸ்வேர்டை எடுத்துட்டாங்க."

"யாரோ இல்ல. நான்தான்."

"எதுக்கு?"

"நாலு நாளா பால்கனியில போனைத் தூக்கிக்கிட்டு நிக்கறியே, எனக்குக் கண்ணு தெரியாதா? பாஸ்வேர்டு கேக்க உனக்கு வாய் வராது. வந்து சொல்ல எனக்கும் வராது. அதான் உங்க மாமாவைப் பிடுங்கியெடுத்து, இல்லாமலே பண்ணச் சொன்னேன்."

"தெருவுக்கே திறந்துவிட்ட மாதிரிக்கா அது. தொட்டில் கேமராவை யாரு வேணா பாக்கலாம்."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வழக்கமான தங்கையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் நடந்திருக்கும்.

"தப்பு என்னோடதுக்கா. கேமராவை அப்படியே விட்டது நான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னை மட்டம் தட்டினதும் நான்தான். மன்னிச்சுடு."

அக்கா கதவை அகலத் திறந்தாள். "உள்ள வந்து தொலை. எப்படிப் பூட்டறதுன்னு சொல்லு, நானே போடறேன். இவளைப் பிடி."

குழந்தை கை மாறியது. புதுமுகத்தை உற்றுப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, பிறகு வீடு அதிர வீறிட்டது. கேமராவுக்கும் வைஃபைக்கும் என்னென்ன அழுத்த வேண்டும் என்று அந்தச் சத்தத்துக்கு நடுவே தங்கை கத்திக் கத்திச் சொன்னாள். அக்கா இரண்டுக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு போட்டு முடித்தாள்.

"என்னை மறந்தே போயிட்டாளேக்கா," என்றாள் தங்கை.

"மறக்காம என்ன செய்வா?" அக்கா போனைக் கீழே வைத்தாள். "நாலு மாசம்னா நமக்கு ஒண்ணுமில்லடி. இவளுக்கு அது ஆயுசுல கால்வாசி. தினமும் வா, பழகிக்குவா."

குழந்தையோடு சேர்ந்து தங்கையும் அழுதாள்.