ஏழாம் லயம், ஏழாம் துண்டு

காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் பதுர்தீனின் கந்தோருக்குள் நுழையும்போது மதலேனா செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டாள். கழற்றச் சொன்னவர் யாருமில்லை. புருஷன் வின்சன்ட் செருப்போடுதான் போனான்; காணி புரோக்கர் றஹீம் நானா ரோட்டுச் சேற்றில் பாதியையும் சேர்த்துக்கொண்டே போனார். ஆனால் கூரை வரை அடுக்கியிருந்த உறுதிப் பத்திரக் கட்டுகளைக் கண்டதும் அவளுக்கு மாதா கோயில் ஞாபகம் வந்துவிட்டது. மாத்தளையிலுள்ள ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வளவும் ஒவ்வொரு கிணறும் இந்தக் கட்டுகளுக்குள்தான் சுருண்டு படுத்திருக்கின்றன என்று வின்சன்ட் சொல்லியிருந்தான். ஓர் ஊரையே நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கும் மனிதர் முன்னால் செருப்புக்காலோடு நிற்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வின்சன்ட் தச்சன், மதலேனா ஆஸ்பத்திரியில் ஆயா. கலியாணம் கட்டிய நாளிலிருந்து வாடகை அறைகளில்தான் குடித்தனம். ஊர் பலாபத்வல பக்கமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ரோட்டோரத்திலிருந்த பழைய கொக்கோத் தோட்டத்தை ஸக்கரியா ஹாஜியார் துண்டு துண்டாகப் பிரித்து விற்கிறார் என்ற பேச்சு வந்ததும் வின்சன்ட் ஒரு துண்டாவது வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தத் தோட்டத்தின் பெயர் மதலேனாவுக்குப் புதிதல்ல.

வெள்ளைக்காரத் துரை இருந்த நாளில், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பிராவில்தான் அவள் பிறந்தாள். துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது சனங்களை மூலைக்கொருவராகப் பிரித்து அனுப்பினார்கள். லயங்களின் கூரைத் தகரத்தைக் கூட விட்டு வைக்கவில்லை. பெண்டாட்டி ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளை என்றுதான் வின்சன்டுக்குத் தெரியும். எந்தத் தோட்டம் என்று அவன் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

காணி பார்க்கப் போன அன்று வின்சன்டுக்கு வேலை. றஹீம் நானா அட்டைக்குப் பயந்து ரோட்டோரத்திலேயே குடை பிடித்து நின்றுகொண்டார். மதலேனா தனியாகத்தான் மேலே ஏறினாள். ஏழாம் லயத்தின் பின்சுவர் இடுப்பளவுக்கு நின்றது. அதற்குப் பக்கத்தில் பெரிய கல். கல்லின் இடுக்கிலிருந்து மூங்கில் பீலியில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. ஆளே இல்லாத காட்டில், யாருக்காகவோ காத்திருந்த மாதிரி விழுந்தது. அவள் அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, கீழே இறங்கி வந்து, "நமக்கு ஏழாம் நம்பர்தான் வேணும் நானா" என்றாள்.

றஹீம் நானாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தங்கச்சிக்குக் கழுகுக் கண் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வின்சன்டும் அவரோடு போய்ப் பார்த்துவிட்டு, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி சிரித்துக்கொண்டே வந்தான். இடிந்த சுவரையும் கல்லையும் பார்த்து இந்த மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுகிறானே என்று மதலேனா உருகிப்போனாள். இரண்டு பேரும் இரண்டு காணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கலியாணங்கள் பலதும் இப்படித்தான் ஓடுகின்றன.

இப்போது கந்தோரில் ஹாஜியார் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பதுர்தீன் உறுதியை இங்கிலீஷில் ஒரு வரி வாசிப்பார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தமிழில் விளக்குவார். மதலேனா கைகட்டி நின்று கேட்டாள். தன் பெயரையும் தகப்பன் பெயரையும் அவர் சேர்த்து வாசித்தபோது அவளுக்குப் புல்லரித்தது. பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனு இன்னும் முடிவாகாமல் கிடந்த நேரம் அது. அவள் எந்த நாட்டுக்காரி என்று அரசாங்கத்துக்கே தெரியவில்லை. இந்த மனிதரோ அவளை ஒரு மண்ணுக்குச் சொந்தக்காரியாக எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தது எல்லைகள். வடக்கே ஆறாம் துண்டு, தெற்கே எட்டாம் துண்டு, கிழக்கே கவர்ன்மென்ட் ரோட்டு, மேற்கே பதினோராம் துண்டு. மதலேனா தண்ணீர் வரும் என்று காத்திருந்தாள். கல்லாவது வரும் என்று காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. ஹாஜியார் முத்திரை மேல் கையெழுத்துப் போடப் பேனாவை மையில் தோய்த்தார்.

பேசவும் பயம், பேசாமல் இருக்கவும் பயம். அந்தப் பேனா காகிதத்தில் பட்டுவிட்டால் பீலி என்றைக்கும் வேறு யாருக்கோ போய்விடும் என்பது மட்டும் அவளுக்கு விளங்கியது.

"ஐயா," என்றாள். "பீலி எங்கங்க?"

பதுர்தீன் நிமிர்ந்து பார்த்தார். வின்சன்ட் அவள் முழங்கையைக் கிள்ளினான். அவள் விடவில்லை, ஏழாம் லயத்துக்குப் பின்னாலிருக்கும் பீலியைத்தான் கேட்பதாகச் சொன்னாள். நொத்தாரிஸ் சர்வேயரின் பிளானை மேசையில் விரித்து ஏழாம் துண்டைத் தொட்டுக் காட்டினார். ரோட்டோரத்துத் துண்டு, கல்லுமில்லை, பீலியுமில்லை.

"மேலருந்து எண்ணணுங்க ஐயா," என்றாள் மதலேனா. "பங்களாவிலருந்து எறங்கி வந்தா ஏழாவது."

பதுர்தீனுக்கு அப்போதுதான் சங்கதி பிடிபட்டது. சர்வேயர் ரோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு ஏறியிருக்கிறார். தோட்டத்திலோ எல்லா எண்ணிக்கையும் துரை பங்களாவிலிருந்துதான் இறங்கும். அவர் விரல் பிளானில் மேலே போய்ப் பத்தொன்பதாம் துண்டில் நின்றது. ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அதில கல்லும் இடிஞ்ச செவரும்தான் மகள்," என்றார். "ரோட்டும் இல்ல, ஒத்தயடிப் பாததான். அதக் கேட்டு ஒத்தரும் வரல்ல. என்னத்துக்கு உங்களுக்கு?"

வின்சன்டின் முகம் செத்துப்போயிருந்தது. ரோட்டோரத்தில் பட்டறை போட்டு, பெயர்ப்பலகை தொங்கவிட்டு, மனதுக்குள் அவன் ஏற்கனவே மூன்று அல்மாரி விற்று முடித்திருந்தான். இதெல்லாம் மதலேனாவுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

"நான் பொறந்த எடமுங்க. எங்கம்மா பீலிக்கிட்ட ஒரு கருவேப்பிலக் கன்னு வச்சாங்க. தொரைகிட்ட கேக்காம வச்சதுன்னு கங்காணி புடுங்கிப் போட்டாரு. அம்மா அந்தக் குழிய மட்டும் கையால மூடினாங்க."

ஹாஜியார் பேனாவைக் கீழே வைத்தார். வின்சன்ட் பிளானைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டாலும் கேட்டாள், ஒரு கல்லைப் போய்க் கேட்டிருக்கிறாள்.

"அவ சொல்றதயே எழுதுங்கய்யா," என்றான். "பலகயத் தோளுல தூக்கிக்கிட்டு எறங்குறேன். வேற என்ன செய்ய?"

எழுதிய உறுதியின் குறுக்கே கோடு கிழித்துவிட்டு, பதுர்தீன் அடுத்த வாரம் வரச் சொன்னார். அந்த ஒரு வாரமும் மதலேனா சரியாகச் சாப்பிடவில்லை. ஹாஜியார் மனம் மாறிவிடுவார், சர்வேயர் கல்லை வேறு துண்டில் போட்டுவிடுவார் என்று தினமும் ஒரு பயம். ஒன்றும் நடக்கவில்லை. புது உறுதியில் தெற்கே கல்லும் வந்தது, பீலியும் வந்தது. பதுர்தீன் கடைசி வரிகளுக்கு வந்தார். நிலமும், அதன் மேலுள்ள சுவரும், மரமும், செடியும், தண்ணீரும், அங்கே நிற்கிற சகலமும் இவளுக்கும், இவள் பிள்ளைகளுக்கும், அவர்கள் வாரிசுகளுக்கும்.

"என்றென்றைக்கும்," என்று முடித்தார்.

"ஆமென்," என்றாள் மதலேனா.

'என்றென்றைக்கும்' என்ற வார்த்தையை அவள் கோயிலில் மட்டும்தான் கேட்டிருந்தாள். அதற்குப் பதில் தானாக வந்துவிட்டது. வெட்கத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆனால் அதற்குள் ஹாஜியாரும் றஹீம் நானாவும் பழக்கதோஷத்தில் "ஆமீன்" என்று சொல்லியிருந்தார்கள். பதுர்தீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஹாஜியார் பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரமே மதலேனா காணிக்குப் போனாள். வின்சன்ட் காட்டுக் கொடியை வெட்டிச் சுவரைத் துப்புரவாக்கினான். அவள் ஆஸ்பத்திரி வளவிலிருந்து கொண்டு வந்த கருவேப்பிலைக் கன்றைப் பீலிக்குப் பக்கத்தில் குழி தோண்டி வைத்தாள். வைத்த பிறகும் கன்றிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. கல் அப்படியே இருந்தது. தண்ணீர் அப்படியே விழுந்தது. இதெல்லாம் தன்னுடையது என்று நினைக்கப் பார்த்தாள்; நினைப்பு மனதுக்குள் அடங்க மறுத்தது.

அப்போதுதான் ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் குடத்தோடு வந்தாள். பக்கத்துத் துண்டை வாங்கியவர்கள், ஹவ்வா என்று பெயர் சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்தபடி சர்வேயர் நட்ட எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றாள்; ஓரடி கூட உள்ளே வைக்கவில்லை.

"இது உங்கட காணிதானே? ஒரு கொடம் தண்ணி எடுக்கவா?"

"இருங்க, தொரைகிட்ட..." என்று மதலேனா தொடங்கிவிட்டாள்.

தொடங்கி, மேலே திரும்பிப் பார்த்தாள். பங்களா இருந்த இடத்தில் சர்வேயரின் வெள்ளை முளைக்குச்சிகள் நின்றன. துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. ஹவ்வா பதிலுக்குக் காத்திருந்தாள். அந்த மலையில் பதில் சொல்ல வேண்டியவள் தான் ஒருத்திதான் என்று விளங்கியபோது மதலேனா கன்றிலிருந்து கையை எடுத்து எழுந்து நின்றாள்.

"எடுத்துக்கங்க," என்றாள். தன் குரலையே நம்பாதவள் மாதிரி இன்னொரு தடவையும் சொன்னாள். "நான்தான் சொல்றேன். எடுத்துக்கங்க."

ஹவ்வா எல்லைக் கல்லைத் தாண்டி வந்து குடத்தைப் பீலியின் கீழ் வைத்தாள்.