துடைத்த புள்ளி

கடையில் அவருக்குப் பட்டப்பெயர் துல்லியம். இருபது வருடமாகப் போட்டோ பிரிண்ட் போடும் லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷர். மங்கிப்போன படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, இமைமுடி வரைக்கும் எடுத்துக் கொடுத்துவிடுவார். முதலில் ஷார்ப் பண்ணிவிட்டு அப்புறம் படத்தைப் பெரிதாக்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அளவு முதலில், கூர்மை கடைசியில். இதைச் சொல்லிச் சொல்லியே கடையில் எல்லோர் காதையும் புளிக்கவைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் மாமனார் காணாமல் போனார். வயது எழுபத்தெட்டு, ஞாபகம் விட்டுவிட்டு வரும். செவ்வாய்க்கிழமை காலை, துல்லியத்தின் மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போன நேரத்தில், செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். போலீஸில் புகார் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், சொந்தக்காரர் வீடு என்று இரண்டு நாள் நாயாய் அலைந்தார்கள். ஆள் அகப்படவில்லை.

போஸ்டர் அடிக்கலாம் என்றால் படம் வேண்டுமே. பெரியவர் கேமராவைக் கண்டாலே நழுவிவிடுகிற ஆள். மனைவியின் போனில் இருந்தது ஒன்றே ஒன்று, வெளிச்சமில்லாத ஒரு கூடத்தில் சொந்தக்காரர் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிற படம். தலை சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

துல்லியம் தலையை மட்டும் வெட்டி எடுத்தார். ஒரேயடியாக இழுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று படிப்படியாகப் பெரிதாக்கினார். கடைசியில் கூர்மை. அதை ஏற்ற ஏற்ற மாமனாரின் கண் திறந்தது, மூக்கு எழுந்து நின்றது, கூடவே முகமெல்லாம் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் கிளம்பின. இருட்டில் போனில் எடுத்த படம் அப்படித்தான். முகத்தைக் கூர்மையாக்கினால் அழுக்கும் சேர்ந்து கூர்மையாகும். அவர் கம்ப்யூட்டரிலேயே பிரஷை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தார். இருபது வருடப் பழக்கம், கை தன்பாட்டுக்குப் போயிற்று.

மனைவி ஒரு தாளில் அங்க அடையாளங்களை எழுதிக் கொடுத்திருந்தாள். உயரம், சட்டை நிறம், மூக்குக்கு இடப்பக்கம் மிளகு அளவு மச்சம். பெயரையும் போன் நம்பரையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவர் எடுத்துவிட்டார். எழுத்தைக் குறைத்தால் முகத்தை இன்னும் இரண்டு அங்குலம் பெரிதாக்கலாமே.

"முகமே பளிச்சுன்னு தெரியுது. இதுல மச்சத்த வேற எழுதணுமா?" என்றார்.

அப்பாவை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகிற கண்ணுக்கு மச்சம் இருக்கிறதா என்று பார்க்கவா தோன்றும்? தலையை மட்டும் ஆட்டினாள். சரி, அவளை விடுங்கள். ஒன்பது வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம், இந்த மகானுபாவருக்கு எங்கே போயிற்று புத்தி?

நானூறு போஸ்டர். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் ஒட்டிவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் போலீஸிலிருந்து போன் வந்தது. அதே ஆஸ்பத்திரிப் பிணவறையில் பெயர் தெரியாத ஒரு பெரியவர். புகாரில் எழுதியிருந்த மச்சம் ஒத்துப்போகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனார்கள். அவரேதான்.

வார்டுக்குப் போய் விசாரித்தார்கள். போஸ்டர் ஒட்டிய மறுநாள், ரோட்டோரம் மயங்கிக் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஐந்து நாள் வார்டில் உயிரோடு இருந்திருக்கிறார். பேர் ஊர் எதுவும் சொல்லத் தெரியவில்லையாம். பாப்பா, பாப்பா என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதைக் கேட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வார்டு வாசல் சுவரில் போஸ்டர் அப்படியே இருந்தது. கட்டிலுக்கும் அதற்கும் பத்தடி இருக்காது. துல்லியத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"இங்கயே ஒட்டியிருக்கு. ஒருத்தர் கண்ணுலகூடவா படல?"

வார்டு நர்ஸ் கோபப்படவில்லை. "பாத்தேன் சார். நானே இத எடுத்துட்டுப் போய் அவர் முகத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஜாடை இருந்துச்சு. ஆனா அவருக்கு அவ்ளோ பெரிய மச்சம், இதுல இல்ல. படம் மங்கலா இருந்திருந்தாலாவது சந்தேகத்துக்கு ஒரு போன் பண்ணியிருப்பேன். இவ்ளோ தெளிவா இருக்கவும் வேற யாரோன்னு திரும்ப ஒட்டிட்டேன்."

துல்லியம் போஸ்டரை நெருங்கிப் பார்த்தார். பிரஷ் போன வழி கண்முன்னால் வந்தது: நெற்றி, கன்னம், மூக்கோரம். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தவற்றில் ஒன்று அழுக்கில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் எழுந்தாள். போஸ்டரைச் சுவரிலிருந்து எடுத்தாள். நர்ஸின் மேஜையில் கிடந்த பேனாவால் மூக்குக்கு இடப்பக்கம் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இவருதாம்மா," என்றாள்.