இரண்டாவது அழுத்தல்

ஃபிராங்க்ளினுக்கு வேலை இருக்குமா போகுமா என்பது ஒரு கருவியின் கையில் இருந்தது. அதை நிறுவ வேண்டியவள் நான். எனக்கோ அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

ஹவுராவில் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் பாரம் சுமக்கும் ரோபோ வண்டிக்கு மென்பொருள் எழுதியது சால்ட் லேக்கில் இருக்கும் எங்கள் கம்பெனி. பன்னிரண்டு நாளுக்கு முன், நின்ற வண்டியின் சக்கரத்தில் சிக்கிய சாக்கை எடுக்க மது என்ற தொழிலாளி குனிந்தார். வண்டி கிளம்பி அவர் காலை முறித்துவிட்டது. வண்டியை இயக்கிய ஃபிராங்க்ளின்தான் அஜாக்கிரதையாய்க் கிளப்பிவிட்டார் என்றது பட்டறை. வண்டியின் பதிவிலும் 'கிளம்பு' என்று இருந்தது. நிறுத்தினேனே தவிரக் கிளப்பவில்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை.

"மாடல் செக்கர் போட்டுப் பாரு வைஷாலி. நம்ம சாஃப்ட்வேர்ல தப்பில்லன்னா ரிப்போர்ட்ட அனுப்பிடலாம்" என்றார் என் மேலாளர் ஜெய்ராம்.

மென்பொருள் போகக்கூடிய எல்லா வழியிலும் தானே போய்ப் பார்த்து, எங்கே விபத்து வரும் என்று சொல்லும் கருவி அது. நிறுவுவதற்குள் மூன்று நாள் உயிரை வாங்கிவிட்டது. ஒரு பாகம் பொருந்தினால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். எல்லாம் பொருந்தியபின் கணினியில் நினைவகம் போதவில்லை. வழிகளைக் குறைப்பதற்காகக் கையேட்டைப் பார்த்து ஒரு நிபந்தனை எழுதினேன்: நிறுத்தும் பொத்தான் ஒருமுறைதான் அழுத்தப்படும். உடனே ஓடியது. பிழை இல்லை என்றது. அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். ஒரு மனிதரின் பிழைப்பு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? போன் செய்தேன்.

"எப்பவும் போலதான் மேடம். ரெண்டு தடவ அமுக்கி நிப்பாட்டுனேன்" என்றார் ஃபிராங்க்ளின், தெக்கத்தித் தமிழில்.

"ஏன் ரெண்டு தடவ?"

"இங்க எல்லாரும் அப்படித்தான். வீட்டப் பூட்டிட்டு பூட்ட ஒருக்கா இழுத்துப் பாக்கோம்லா, அது மாதிரி. கீழ ஆள் குனியுதான், சும்மா விட முடியுமா?"

ஆபீஸின் பெரிய சர்வரைக் கெஞ்சி வாங்கி, அந்த நிபந்தனையை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். ஏழே வரியில் பதில் வந்தது. அன்றைக்குப்போல் பாரம் அதிகமானால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். அதற்குள் இரண்டாவது அழுத்தல் வந்தால், முதல் உத்தரவை ரத்து செய்யச் சொல்வதாக எடுத்துக்கொண்டு வண்டி நின்ற கையோடு தானே கிளம்பும். பதிவில் 'கிளம்பு' என்றும் எழுதிக்கொள்ளும். அந்தப் பகுதியை எழுதியவள் நான்.

ஜெய்ராம் அந்த ஏழு வரியையும் படித்தார். "உன் பேர்தான் வரும்மா."

"வரட்டும் சார்."

"சரி, அனுப்பு" என்றார்.

அனுப்பிவிட்டு ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டேன். "தப்பு நான் எழுதுனதுல இருக்கு. நீங்க ஜாக்கிரதையா இருந்ததுதான் உங்களுக்கே வினையாயிடுச்சு. மன்னிச்சிருங்க."

அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப நான் கிளப்பல, இல்லியா மேடம்? எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துட்டு. மது மூஞ்சில முழிக்கப் பயந்து ஆஸ்பத்திரி பக்கமே போவல."

"நீங்க கிளப்பல."

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். சட்டையை எடுத்துத் தரச் சொல்லி மனைவியை அவசரப்படுத்துவது கேட்டது.